தங்கவயல் மண்ணும் அவரையின் சத்தும்

மார்கழிப் பனி இறங்கியதும் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதிகளில் அவரைக்காய் குவியத் தொடங்குகிறது. கேழ்வரகுக் களியும் அவரைப் பிதுக்குப் பருப்புக் குழம்பும் சேர்ந்த உணவு, நாவுக்கு இனிதாயிருப்பதோடு, தானியத்தில் குறைவான லைசின் என்னும் அமினோ அமிலத்தை அவரையும், அவரையில் குறைவான கந்தக அமினோ அமிலங்களைக் கேழ்வரகும் நிரப்புவதால், தேகத்துக்கும் பூரணமானது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டு வருவாய் இழந்த குடும்பங்கள் நிறைந்த இவ்வூரில், மலிவாகக் கிடைக்கும் இந்தப் புரதத்தின் தரம் அற்ப விஷயமன்று.

அந்தத் தரம் மண்ணில் நிர்ணயமாகிறது. கோலார்ச் சீமையின் செம்மண்ணில் மட்கிய பொருளும் தழைச்சத்தும் குறைவு. அதிலுள்ள இரும்பு மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அவரையோ தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்தே பெறவல்லது. வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ஜீவாணுக்களே இதைச் செய்கின்றன என்பதை 1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிரூபித்தார்கள். ஆயினும் அந்த ஜீவாணுக்களின் உழைப்புக்கு மணிச்சத்து மிகுதியாகத் தேவை; அவற்றின் நொதிக்கு மாலிப்டினம் அணுவளவேனும் வேண்டும்; மண் புளித்திருந்தால் அதுவும் எட்டாது.

ஆகையால், ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்னும் அந்த ஜீவாணுவைக் கலந்து விதையை நேர்த்தி செய்வதும், தொழுவுரமும் சூப்பர் பாஸ்பேட்டும் அடியுரமாக இடுவதும், புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு சேர்ப்பதும், கந்தகத்துக்காக ஜிப்சம் இடுவதும் அவரையின் புரதத்துக்கு நேரடியான ஆதாரங்களாகின்றன. யூரியாவை அள்ளிப் போட்டால் வேர்முடிச்சு உருவாவதே குன்றிவிடும். முடிச்சொன்றை நறுக்கிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால், பயிர் தானே தழைச்சத்தைச் சம்பாதிக்கிறது என்று உழவர் அறியலாம்.

இனி, பயிர் ஊக்கிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை பூத்துக் குலுங்கியும் பூக்களிற் பல உதிர்ந்துபோவதற்கு, காம்பின் அடியில் தோன்றும் பிரிபடலமே காரணம். எத்திலீன் அதைத் தூண்டுகிறது, ஆக்சின் தடுக்கிறது. இது பற்றியே, என்.ஏ.ஏ. என்னும் ஆக்சினை லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் பூக்கும் தறுவாயிலும், 15 நாள் கழித்தும் பயறுவகைகளுக்குத் தெளிக்குமாறு தமிழ்நாட்டில் சிபாரிசு செய்யப்படுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘பயறு ஒண்டர்’ ஊட்டச்சத்தையும் ஊக்கியையும் ஒருங்கே தருவது. ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிப்பார்கள். உழவர் தாமே தயாரிக்கும் தேமோர்க் கரைசலில் சேரும் தேங்காயிலும் சைட்டோகைனின் என்னும் ஊக்கி இயற்கையாகவே உள்ளது.

எனினும், ஊக்கி ஆகாரமன்று. அது ஆணையைக் கொண்டுசெல்லும் தூதன் மட்டுமே. களஞ்சியத்தை நிரப்பும் சக்தி அதற்கில்லை. பட்டினி கிடக்கும் செடியில் பூக்களையெல்லாம் நிறுத்திவைத்தால், காய்கள் பெருகினும் பருப்பு சிறுத்துப்போக நேரும். முறை தவறினாலோ அனர்த்தமே விளையும்: அதே என்.ஏ.ஏ.வை ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சுகளை உதிர்க்கவே பிரயோகிக்கிறார்கள். ஆக்சினை ஒத்த 2,4-டி அகன்ற இலைப் பயிர்களைக் கொல்லும் களைக்கொல்லி.

இவ்வூரார் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. சுரங்கத்தார் விட்டுச்சென்ற 13 சயனைட் மேடுகளின் மணல், பொன் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பாறைப்பொடி. மட்கிய பொருளும் ஜீவாணுவும் மிகக் குறைந்தது, ரசாயன எச்சங்களுக்கும் இடமானது. கொல்லையை மேடாக்கவோ பாத்தியை இளக்கவோ அதைக் கொண்டுவந்து கலப்பது உணவுப் பயிருக்குச் செய்யும் துரோகமாகும்.

மண்ணைத் திருத்திய பிறகே தெளிப்புக்கு வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் எந்த விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். அடுத்த விதைப்புக்கு முன், ஊக்கிப் புட்டி வாங்கக் கடைக்குச் செல்லுமுன், ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவரைக்கு வேண்டியது எதுவென்று அந்த மண்ணே சொல்லும்.