அரசு வாங்கிய கோதுமை ரயில்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ளது வாஷிங்டன் மாநிலம். (தலைநகர் வாஷிங்டன் வேறு.) இதன் கிழக்குப் பகுதியில் 'பலூஸ்' என்னும் மேட்டு நிலத்தில் மானாவாரியாகவே கோதுமை அமோகமாக விளைகிறது. பெரும்பகுதி ஜப்பான், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளுக்குக் கப்பலேறுகிறது.

அங்கே விலையை முடிவு செய்வது போர்ட்லண்டு துறைமுகம். அந்த விலையில் வண்டிக் கூலி போக மிஞ்சுவதுதான் விவசாயிக்கு. மண்டி விலையில் லாரி வாடகையைக் கழித்துப் பார்க்கும் நம்மவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

கோதுமைக்காகவே 1880களிலும் அதன் பிறகும் கிளைப் பாதைகள் போடப்பட்டன. பிற்காலத்தில் ஸ்நேக் நதியில் வரிசையாக அணைகள் கட்டப்பட்டன. 1975-ல் கடைசி அணை முடிந்ததும் லூயிஸ்டன் வரை தானியப் படகுகள் வரத் தொடங்கின. லாரியில் நதிக்கரைக்குக் கொண்டுபோய்ப் படகில் ஏற்றுவது மலிவாயிற்று. ரயிலுக்குச் சரக்கு குறைந்தது. பெரிய ரயில் கம்பெனிகள் 1990களில் இப்பாதைகளைச் சிறு கம்பெனி ஒன்றுக்குக் கைமாற்றின. அதற்கும் கட்டுப்படியாகவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டால் நதிக்குத் தொலைவில் உள்ளவர்கள் கதி என்ன? அத்தனை தானியமும் லாரியில் போனால் கிராமச் சாலைகள் தாங்குமா?

மாநில அரசே 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தவணையாக வாங்கிவிட்டது. மூன்று கிளைகள், மொத்தம் சுமார் 475 கி.மீ. பாதை அரசுடையது, வண்டி ஓட்டுவது குத்தகைக்கு எடுத்த தனியார் கம்பெனிகள்.

என்ஜின்கள் புதியவை அல்ல. பெரிய கம்பெனிகள் ஓட்டி முடித்த டீசல் என்ஜின்கள்தாம். டீசல் மின்சாரம் உண்டாக்க, அச்சுகளில் உள்ள மோட்டார்கள் இழுக்கின்றன. மெதுவாகப் போகும்போதுதான் இவற்றுக்கு இழுவை அதிகம். அதுவும் வசதியாகப் போயிற்று. பழைய தண்டவாளத்தில் பல இடங்களில் மணிக்கு 16 கி.மீ. வேகத்துக்கு மேல் போக முடியாது! ஒரு வேகனில் சுமார் 100 டன் ஏறும். மூன்று நான்கு லாரிச் சுமை அது.

இன்னொரு ஏற்பாடும் கவனிக்கத் தக்கது. அறுவடைக் காலத்தில் பெரிய கம்பெனிகளிடம் வேகன் கிடைக்காமல் கோதுமை தேங்கிக் கிடந்தது. 1994-ல் அரசு 29 பழைய தானிய வேகன்களை வாங்கி விட்டது. வசூலாகும் வாடகையிலிருந்தே பழுது பார்த்து, மேலும் வேகன்கள் வாங்கினார்கள். இப்போது நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பாதை விஷயம் அப்படியில்லை. கட்டைகளும் பாலங்களும் மாற்ற வேண்டியவை ஏராளம். குத்தகைப் பணம் போதாமல் இரண்டாண்டு பட்ஜெட்டில் சட்டசபை தரும் தொகையை நம்பியே வேலை நடக்கிறது.