வரவேற்பறையில் ஒரு மளிகைக் கடை

உங்கள் வீட்டில் 3 அல்லது 4 வயதுப் பிள்ளை இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் 10 எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு, “அம்மாவுக்கு நான்கு பழம் கொடு” என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து இருபதுவரை தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளைகூட, கைக்கு வந்ததை அள்ளித் தரக்கூடும். “எண்ணிப் பார்” என்றால் சரியாகவே எண்ணும். “அப்படியானால் மொத்தம் எத்தனை?” என்று கேட்டதும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

இதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது பாட்டுப் பாடுவதைப் போன்றது. எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்று உணர்வது தனித் திறன். உளவியலாளர்கள் கெல்மன், கேலிஸ்டல் இருவரும் 1978ல் வெளியிட்ட நூலில் எண்ணுதலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார்கள்.

இந்தத் திறன் ஒரே நாளில் வருவதில்லை. “இத்தனை கொடு” என்று கேட்டுப் பார்க்கும் சோதனையை 1990ல் ஆய்வாளர் கேரன் வின் பயன்படுத்தினார். பிள்ளைகள் முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருளை மட்டும் அறிகிறார்கள். சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’ புரிகிறது, பிறகு ‘மூன்று’. அதன் பின்னரே எந்த எண்ணுக்கும் எண்ணிக் கொடுக்கலாம் என்ற தெளிவு பிறக்கிறது. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில் இது நிகழ்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

கடை விளையாட்டின் பயன் இங்கேதான் இருக்கிறது. கடைக்காரரிடம் வருபவர் எல்லாரும் “இத்தனை கொடுங்கள்” என்றுதான் கேட்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நடந்த அதே சோதனை, பிள்ளை விரும்பிச் செய்யும் வேலையாகிவிடுகிறது.

கடை திறப்பது எப்படி?

விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான்கள் தேவையில்லை. ஒரு தாழ்வான மேசை அல்லது கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டி போதும். காலியான மாவுப் பொட்டலம், மைலோ டின், உருளைக்கிழங்கு, வெங்காயம், எலுமிச்சை என ஐந்தாறு வகைப் பொருள்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து இருந்தால் நல்லது. கடைக்குப் பெயர் வைப்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். விலைச்சீட்டில் எண்ணோடு அத்தனை புள்ளிகளையும் இடுங்கள். எழுத்துக் குறிக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பு கண்ணில் படும்.

தொடக்கத்தில் எல்லாப் பொருளும் ஒரு வெள்ளி. அட்டையை வட்டமாக வெட்டினால் காசு தயார். மூன்று பொருள் வாங்கினால் மூன்று காசு. 5 வயதை நெருங்கும்போது இரண்டு வெள்ளிப் பொருள்களையும் சேர்க்கலாம். மீதிச் சில்லறை கொடுப்பதற்கு அவசரப்பட வேண்டாம். கழித்தல் பிறகு வரும்.

இன்றைய பிள்ளைகள் கடையில் காண்பதெல்லாம் அட்டையைத் தட்டுவதும் கைப்பேசியைக் காட்டுவதும்தான். பணம் கைமாறுவதே அவர்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் உண்மையான நாணயங்களையும் ஒருநாள் காட்டுங்கள். சிங்கப்பூரில் 2013ல் அறிமுகமான நாணயங்களில் மதிப்பு கூடக்கூட அளவும் பெரிதாகும். ஆனாலும் ஒரு 50 காசைவிட இரண்டு 10 காசுகளே அதிகம் என்று பிள்ளை வாதிடலாம். அது மதிப்பைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பார்க்கிறது. சில சமயம் எண்ணிக்கையைக்கூடப் பார்ப்பதில்லை: ஒரே எண்ணிக்கையுள்ள இரு வரிசைகளில் ஒன்றைப் பரப்பி வைத்தால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று இந்த வயதினர் சொல்வதை சுவிஸ் அறிஞர் பியாஜே காட்டியிருக்கிறார்.

பாதுகாப்பில் கவனம் தேவை. கழிவறைத் தாள் சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் 3 வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளின் கைக்கு எட்டக்கூடாது, தொண்டையில் சிக்கலாம். பொம்மைக் கல்லாப்பெட்டி வாங்கினால் அதன் மின்கல மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நீங்கள் வாடிக்கையாளர், ஆசிரியர் அல்ல

நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, கடையைத் தேர்வுக்கூடமாக்குவது. “இது என்ன எண்? சரியாகச் சொல், தப்பு, மறுபடி எண்ணு” என்று தொடங்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் கடை மூடப்படும்.

வாடிக்கையாளராகவே இருங்கள். நான்கு பழம் கேட்டு மூன்று கிடைத்தால், “கடைக்காரரே, எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று... எனக்கு இல்லையே!” என்று முகத்தைச் சுருக்குங்கள். தவறு எங்கே என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்து இன்னொரு பழத்தை எடுத்து நீட்டும். நீங்கள் திருத்தியதைவிட அது தானே திருத்திக்கொண்டது நெஞ்சில் நிற்கும்.

பொறுமையும் இப்படித்தான் வளர்கிறது. விளையாட்டில் ஏற்ற வேடத்தின் விதிகளுக்குப் பிள்ளை தானாகவே கட்டுப்படுகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. மற்ற நேரத்தில் பிஸ்கட்டைக் கண்டதும் வாயில் போடும் பிள்ளை, விற்பனைக்கு வைத்த பிஸ்கட்டைக் காவல் காக்கும். வரிசையில் நிற்கும் அண்ணனை, “கொஞ்சம் பொறுங்க” என்று அதட்டவும் செய்யும்.

தமிழுக்கும் ஓர் இடம்

வீட்டில் ஆங்கிலமே ஓடும் குடும்பங்களுக்கு இந்தக் கடை இன்னொரு விதத்திலும் உதவும். “இந்தக் கடையில் தமிழ்தான் பேசுவார்கள்” என்று ஒரு விதி வையுங்கள். பாட்டியை முதல் வாடிக்கையாளராக அழையுங்கள். வாங்க, என்ன வேணும், எவ்வளவு, போதுமா, நாளைக்கு வாங்க என்னும் சொற்கள் தேவைப்படும் இடத்திலேயே பழகிவிடும். எண்களிலும் தமிழுக்கு ஒரு வசதி உண்டு. பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து என்ற சொற்களின் முன்பகுதியிலேயே பத்து இருக்கிறது. ஆங்கிலத்தின் லெவன், டுவெல்வ் இரண்டிலும் அது வெளிப்படையாகத் தெரிவதில்லை. பத்துக் காசுகளை ஒரு குவியலாக்கி அருகில் ஒன்றை வைத்து, “பத்தும் ஒன்றும், பதினொன்று” என்று சொல்லிக் காட்டுங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளை கடையை மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். அடுத்த வாரம் அதே இடம் முறுக்குக் கடையாகவோ மருந்தகமாகவோ மாறலாம். சில மாதங்கள் கழித்து மறுபடியும் நான்கு எலுமிச்சம்பழம் கேட்டுப் பாருங்கள்.