பழைய ஸ்விஃப்டுக்கு 15 அங்குலச் சக்கரம்

2011-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் இன்றும் ஏராளமாக ஓடுகிறது. டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்தால், அதை வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை எழும். எப்படியும் செலவு செய்யப்போகிறோம், கொஞ்சம் பெரிய சக்கரமாகப் போட்டால் என்ன? இரும்பு ரிம் போய் அலாய் வந்தால் பத்து வயது தாண்டிய வண்டியும் எடுப்பாகத்தான் இருக்கும். ஆசையில் தவறில்லை. அளவை மட்டும் கண்ணால் முடிவு செய்யக்கூடாது.

அந்த ஸ்விஃப்டின் சாதாரண வகைகளில் டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்றிருக்கும். டயரின் அகலம் 165 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. ரிம் 14 அங்குலம். ரிம்மோடு மேலும் கீழுமுள்ள பக்கச்சுவர்களைக் கூட்டினால் முழு விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ. கியர் விகிதமும் வேகமானியும் இந்த 620-ஐ வைத்துத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. ரிம் பெரிதானால் அந்த அளவுக்கு ரப்பர் ஒல்லியாக வேண்டும். மொத்த விட்டம் மாறக்கூடாது.

நிறுவனமே இதைச் செய்து காட்டியிருக்கிறது. அதே ஸ்விஃப்டின் இசட்எக்ஸ்ஐ வகையில் 185/65 ஆர்15 டயர் வந்தது. கணக்குப் போட்டால் 621.5 மி.மீ.; வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான்! இதை விட்டு, இன்னும் பெரிதாக இருக்கட்டும் என்று 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647 மி.மீட்டரைத் தாண்டும். நான்கரை சதவீதம் கூடுதல். வேகமானி 80 காட்டும்போது வண்டி 83-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பிக்கப் குறையும். குடும்பத்தோடு ஏறி வேகத்தடையில் இறங்கினால் டயர் ஃபெண்டரில் உரசவும் கூடும். மூன்று சதவீதத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது.

அப்படியானால் 195/55 ஆர்16? விட்டம் சரியாக 621 மி.மீ. வருகிறது. ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 107 மி.மீட்டராகச் சுருங்கிவிடும். குறைந்த அந்த 25 மில்லிமீட்டர்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய குழியில் வேகமாக இறங்கினால் அடி நேரே ரிம்முக்குப் போகும். டயரின் பக்கவாட்டில் கட்டிபோல் புடைத்துவிட்டால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதை ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது, தூக்கிப்போடத்தான் வேண்டும். நம் சாலைகளில் ஓடும் குடும்ப வண்டிக்கு 16 அங்குலம் வேண்டவே வேண்டாம்.

மாருதி 800 வைத்திருப்பவர்களின் நிலைமை இன்னும் இறுக்கமானது. அதன் 145/70 ஆர்12 டயரின் விட்டம் 508 மி.மீ. மட்டுமே. 13 அங்குலத்துக்கு மாறி 155/65 போட்டாலும் 532 மி.மீ. வந்துவிடுகிறது, ஏறத்தாழ ஐந்து சதவீதம் கூடுதல். சிறிய எஞ்சின், பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. டயர் அகலமானால் நெரிசலில் திருப்பும்போது தோள் வலிக்கும். அந்த வண்டிக்கு 12 அங்குலத்திலேயே நல்ல புது டயர் போடுவதுதான் அழகு.

ரிம் வாங்கும்போது போல்ட் துளைகளை எண்ணுவது போதாது. ஸ்விஃப்டின் நான்கு போல்ட்டுகள் 100 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன, 800-இல் 114.3 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடுத்துளை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் இடையில் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வேகமெடுக்கும்போது ஸ்டீயரிங் அதிரலாம். ரிம் எவ்வளவு உள்ளே அமரும் என்பதைச் சொல்லும் ஆஃப்செட் அளவு குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், பேரிங்கில் சுமை கூடும். சென்னை புதுப்பேட்டையில் பழைய அலாய் வாங்குபவர்கள் அதை பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். வளைந்ததைத் தட்டி, விரிசலைப் பற்றவைத்து, பெயின்ட் அடித்த ரிம்மும் புதிதுபோலவே மின்னும்.

டயரில் 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. பழைய டயரில் இருந்த எண்ணைவிட இது குறையக்கூடாது. டாட் (DOT) என்ற எழுத்துகளை ஒட்டிவரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த காலத்தைச் சொல்லும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மலிவு விலையில் கிடைக்கும் டயரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆகவே அதே மாடலின் உயர்வகைக்கு நிறுவனம் கொடுத்த அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடலாம்.

பழைய வண்டி என்பதால், புதுச் சக்கரம் ஏறும் முன் சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், பேரிங் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும், ஏறியபின் அலைன்மென்ட். ஸ்டெப்னி பழைய 14 அங்குல இரும்பு ரிம்மாகவே இருக்கலாம், விட்டம் ஒன்றுதானே. ஆனால் அலாய்க்கு வரும் நட் பல நேரம் இரும்பு ரிம்முக்குப் பொருந்தாது. அதனால் கழற்றிய பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிடாமல், ஒரு பையில் கட்டி டிக்கியில் ஸ்டெப்னியோடு போட்டுவைக்க வேண்டும்.