நெல் கிடங்கும் கிராஃபீன் தாளும்

தஞ்சைப் பகுதியில் கொள்முதல் செய்த நெல் மூட்டைகள் கிடங்குகளில் அட்டி அட்டியாக அடுக்கப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தும் வண்டும் பிடிக்காமலிருக்க, அட்டியை பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைப்பார்கள். காற்றின் ஈரம் பட்டதும் மாத்திரையிலிருந்து பாஸ்பீன் வாயு வெளிவரும். 3 கிராம் மாத்திரை சுமார் 1 கிராம் வாயுவைத் தரும்.

பூச்சியைக் கொல்லும் வாயு மனிதனை மட்டும் விட்டுவிடுமா? நாள் முழுதும் அங்கே வேலை செய்பவர் சுவாசிக்கும் காற்றில் இது ஒரு கோடிப் பங்குக்கு 3 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. பூண்டு நாற்றம் வந்தால் ஓடிவிடலாமே என்கிறீர்களா? தூய பாஸ்பீனுக்கு மணமே கிடையாது. நாற்றம் அதனோடு கலந்த மாசுகளால் வருவது. மூக்கை நம்பி உள்ளே போவது ஆபத்து.

மூக்கினும் கூரிய ஒன்று வேண்டும். உங்கள் பென்சில் முனையிலுள்ள கிராஃபைட், கரியணுத் தாள்களின் அடுக்கு. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் தாள்கள்! அவற்றில் ஒற்றைத் தாளே கிராஃபீன். மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் 2004-இல் அதைச் சாதாரண ஒட்டும் நாடாவால் உரித்தெடுத்துக் காட்டினார்கள். 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாளின் கனம் ஓர் அணுவே ஆதலால், உள்ளே ஒளிந்திருக்கும் அணு என்று எதுவுமில்லை. எல்லாமே காற்றைத் தொட்டுக்கொண்டிருப்பவை. வந்து ஒட்டும் வாயு மூலக்கூறு, தாளுக்கு எலெக்ட்ரானைக் கொடுக்கும் அல்லது பறிக்கும். அம்மோனியா கொடுக்கும் வகை, நைட்ரஜன் டை ஆக்சைடு பறிக்கும் வகை. உடனே தாளின் மின்தடை மாறும். 2007-இல் மான்செஸ்டர் குழுவினர் ஒரேயொரு மூலக்கூறு வந்து ஒட்டுவதையே இவ்வாறு கண்டறிந்தனர்.

தஞ்சையை அடுத்த திருமலைசமுத்திரத்தில், சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தார் துத்தநாக ஆக்சைடுப் படலங்களால் அம்மோனியா முதலிய வாயுக்களை உணரும் ஆய்வுகளைச் செய்திருக்கின்றனர். பொதுவாக இத்தகைய ஆக்சைடு உணர்விகளைச் சில நூறு டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கும். கிராஃபீனோ அறை வெப்பத்திலேயே வேலை செய்யும்.

பாஸ்பீன், அம்மோனியாவின் பங்காளிதான். நைட்ரஜன் இருந்த இடத்தில் பாஸ்பரஸ், அவ்வளவே. ஆயினும் வெறும் கிராஃபீனில் அது உறுதியாக ஒட்டுவதில்லை. எனவே உலோகத் துகள்களையோ ஆக்சைடுத் துகள்களையோ தாளின்மேல் பதித்துப் பார்க்கிறார்கள். இன்னொரு தொல்லை நீராவி. அதுவும் தாளில் ஒட்டி மின்தடையை மாற்றும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாக் கிடங்கில் ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா! கருவி கூவுவது மழைக்காற்றுக்கா, பாஸ்பீனுக்கா என்று பிரித்தறிவதுதான் இதில் கடினமான வேலை.