ஆலயமும் ஆதுலர்சாலையும்

பிணி தீர்க்கும் வழிகள் மணி, மந்திரம், மருந்து என மூன்று என்பர் நம் முன்னோர். நோயுற்ற காலத்து நாம் திருநீறும் அணிகின்றோம், மருத்துவரையும் நாடுகின்றோம். இறைவனை நம்பியவர்க்கு மருந்து எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். மருந்து இருக்க வழிபாடு எதற்கு என்று வேறு சிலர் வினவுகின்றனர். இவ்விரு வினாக்களுக்கும் உரிய விடை, கடல் கடந்த நாடொன்றில் சிதைந்து நிற்கும் ஒரு சிறு கற்கோயிலில் அடங்கியிருக்கின்றது.

தாய்லாந்து நாட்டின் புரிராம் மாநிலத்தில், அவிந்துபோன எரிமலை ஒன்றின் உச்சியில் பனோம் ருங் என்னும் சிவாலயம் விளங்குகின்றது. முற்காலத்தில் இப்பகுதி கெமர் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கோர் வாட் கோயிலை எழுப்பிய இரண்டாம் சூரியவர்மனின் உறவினரான நரேந்திராதித்தியர் 12ஆம் நூற்றாண்டில் இம்மலையில் துறவு பூண்டு வாழ்ந்தார். அவர் பெருமையை அவருடைய மைந்தர் இரணியர் கல்வெட்டிலே பொறித்து வைத்துள்ளார். கருவறையிலே சிவலிங்கம் எழுந்தருளியுள்ளது. ஆண்டில் சில நாட்களில் காலைக் கதிரவனின் ஒளி 15 வாயில்களையும் ஒரே நேராகக் கடந்து செல்லும். சிவநேயச் செல்வர் எவரும் இக்காட்சியை எண்ணினால் உள்ளம் உருகுவர்.

ஆயினும், அந்த நிறைவோடு நாம் திரும்பிவிடலாகாது. மலையை விட்டிறங்கி அடிவாரத்திற்கு வருவோமாக. அங்கே செம்புரைக்கல்லால் கட்டிய சிறு கோயில் ஒன்று உள்ளது. கிழக்கு நோக்கிய ஒரு கருவறை, சுற்றிலும் ஒரு மதில், ஒரு வாயில், மதிற்புறத்தே கல்படுத்த ஒரு குளம், இவ்வளவே. மலைமேல் கண்ட சிற்ப எழில் இங்கு இல்லை. ஊரார் இதனைக் 'குடி ரூசி' என்பர். முனிவர் குடில் என்பது அதன் பொருள். சற்றுத் தொலைவில் முவாங் தாம் என்னும் மற்றொரு பழைய சிவாலயத்தின் அருகிலும் இதே பெயரில் இதே அமைப்பில் ஒரு கோயில் நிற்கின்றது. உண்மையில் இவை முனிவர் உறைந்த குடில்கள் அல்ல. நோயுற்றோர்க்கு உறையுளும் மருந்தும் அளித்த ஆரோக்கியசாலைகளைச் சார்ந்த வழிபாட்டிடங்கள்.

இவற்றை அமைத்தவன் 1181இல் முடிசூடிய ஏழாம் செயவர்மன். அவன் பௌத்த சமயத்தான். தன் நாடு முழுவதும் 102 ஆரோக்கியசாலைகள் இருந்தன என்று 1186ஆம் ஆண்டைச் சார்ந்த தா புரோம் கல்வெட்டு கூறுகின்றது. அவற்றின் செலவுக்கென 838 ஊர்கள் விடப்பட்டிருந்தன. லாவோஸ் நாட்டுச் சாய் ஃபோங் என்னும் இடத்துக் கல்வெட்டு அவ்வறச்சாலையின் நடைமுறையை விளக்குகின்றது. நான்கு வருணத்தாரும் அங்கே மருத்துவம் பெறலாம். மருத்துவர் இருவர், மருந்து வழங்குவோர், சமைப்போர், நெல் குற்றுவோர், வெந்நீர் காய்ச்சி மருந்து அரைக்கும் பெண்டிர் எனப் பலர் அங்கே பணிசெய்தனர். தேன், சர்க்கரை, எள், சீரகம், ஏலம், சாதிக்காய், கற்பூரம் முதலியன ஆண்டுக்கு மும்முறை அரசனின் பண்டகசாலையிலிருந்து வந்தன. குடிமக்களின் உடல்நோய் மன்னனுக்கு உள்ளத்து நோயாயிற்று என்பதே அக்கல்வெட்டு காட்டும் கருத்து.

அங்கு எழுந்தருளியிருந்த மூர்த்தியின் பெயர் பைஷஜ்யகுரு. மருந்தின் ஆசான் என்பது பொருள். ஸ்ரீருத்திரத்தில் நம் பெருமான் தெய்வ மருத்துவனாகப் போற்றப்படுவதை நாம் அறிவோம். அங்கு வரும் 'பிஷக்' என்னும் சொல்லும் இங்கு வரும் 'பைஷஜ்ய' என்னும் சொல்லும் ஒரே வேரின. சமயம் வேறாயினும் சொல் ஒன்று. அச்சொல் குறிக்கும் அருளும் ஒன்றே. மலைமேல் சிவலிங்கமும் மலையடியில் மருந்தின் ஆசானும் அருகருகே வீற்றிருந்தது நாம் சிந்திக்கத்தக்கது.

தமிழகத்திலும் இவ்வறம் தழைத்திருந்தது. திருமுக்கூடல் பெருமாள் கோயிலிலே 15 படுக்கைகளுடன் ஆதுலர்சாலை ஒன்று நடந்ததை 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அறிவிக்கின்றது. ஆலயமும் மருத்துவமும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தன. நோயாளியைப் பேணுவதும் பூசையின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டது.

கெமர் நாட்டில் கல் தெய்வத்திற்கு உரியது; மக்கள் வாழும் இல்லங்களும் அரண்மனையுங்கூட மரத்தால் ஆனவை. ஆதலால் நோயாளிகள் படுத்திருந்த கூடங்கள் மண்ணோடு மண்ணாயின. மருந்து அரைத்த கல்லின் ஓசையும் வெந்நீர் காய்ந்த அடுப்பின் புகையும் மறைந்தன. எஞ்சியது கருவறை மட்டுமே. கல் நின்றது, தொண்டு நின்றுபோயிற்று. ஒரு கோயிலுக்கு நேரக்கூடிய உண்மையான அழிவு இதுவே. கோபுரம் சாய்ந்தால் மீண்டும் எடுக்கலாம். யாருக்காக அக்கோயில் எழுந்ததோ அவர்களை மறந்துவிட்டால், முழுதும் நிற்கின்ற கோயிலும் பாழ்பட்டதேயாகும்.

திருச்செங்கோட்டில் ஞானசம்பந்தப் பெருமான் தம் பொருட்டுப் பாடவில்லை; குளிர்சுரத்தால் வருந்திய அடியார்களின் பொருட்டே திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். பிறர் நோயைத் தம் நோயாகக் கொண்ட அவ்வுள்ளமே சிவத்தொண்டின் உயிர்நிலை. நாமும் திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கின்றோம், அன்னம் பாலிக்கின்றோம். அவற்றோடு, நம் ஊரில் நோயுற்றுத் துணையின்றிக் கிடப்பவர் ஒருவர்க்கேனும் மருந்தும் கஞ்சியும் கொண்டு சென்று கொடுப்போமாக. பிரசாதத்தைக் கையிலேந்தி அவர் வாயிலில் நாம் நிற்கும்பொழுது, நம்மோடு வைத்தியநாதப் பெருமானும் அங்கே எழுந்தருள்வான். திருச்சிற்றம்பலம்.