உங்களுக்குத் தெரியுமா? நான்ஸ்டிக் பாத்திரம்: வாங்குவது முதல் வழியனுப்புவது வரை

இரும்புத் தோசைக்கல் பழகப் பழகத்தான் வசப்படும். நான்ஸ்டிக் தவா அப்படியில்லை. வாங்கிய வாரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். பிறகு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்மானம் ஆறு மாதத்தில் முடிவதும் சில வருடங்கள் தாங்குவதும் வைக்கிற தீயையும் தேய்க்கிற கையையும் பொறுத்தது. வாங்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை, வாங்கியபின் மறக்கக் கூடாதவை இதோ!

பிறந்த கதை

★ நான்ஸ்டிக் பூச்சின் மூலப்பொருள் தற்செயலாகக் கிடைத்தது. 1938 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த டூபான்ட் ஆய்வகத்தில், ஃபிரிட்ஜுக்கான புதிய குளிரூட்டி வாயுவைத் தேடிக்கொண்டிருந்தார் 27 வயது ராய் பிளங்கெட். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. ஆனால் எடை குறையவும் இல்லை. அறுத்துப் பார்த்தபோது உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத் தூள் இருந்தது. அதுதான் பி.டி.எஃப்.இ. பின்னாளில் டூபான்ட் அதற்கு வைத்த வணிகப் பெயர் டெஃப்லான்.

★ இந்தப் பொருள் சமையலறைக்கு வரும்முன் அணுகுண்டுத் திட்டத்துக்குப் போனது. யுரேனியத்தைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட வாயு, தொட்டதையெல்லாம் அரிக்கும். அதைத் தாங்கும் அடைப்பான்களுக்கு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பி.டி.எஃப்.இ. உதவியது.

★ வாணலிக்கு இந்தப் பூச்சு வந்ததற்கு ஒரு மனைவியின் யோசனை காரணம். 1954இல் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார், தூண்டில் சாமான்கள் சிக்காமல் இருக்க இதைப் பூசிப் பார்த்தார். “என் சமையல் பாத்திரத்துக்கும் பூசலாமே” என்றார் மனைவி கோலெட். 1956இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது.

★ பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் இருக்கிறதே, அதுவும் இதே பி.டி.எஃப்.இ.தான். கண்ணாடிச் சுவரிலும் தலைகீழாக ஓடும் பல்லியால்கூட உலர்ந்த டெஃப்லான் பரப்பில் கால் பதிக்க முடியாது.

★ எதுவும் ஒட்டாத இந்தப் பூச்சு, அலுமினியத்தில் மட்டும் எப்படி ஒட்டுகிறது? முதலில் அலுமினியத்தின் மேல் நுண்துகள்களைப் பீய்ச்சியடித்துச் சொரசொரப்பாக்குவார்கள். அதன்மேல் பிடிமானம் தரும் அடிப்பூச்சு. அதற்கும் மேல் ஒன்றிரண்டு பூச்சுகள். பிறகு சூளையில் சுடுவார்கள். மேல்பூச்சில் ஆழமான கீறல் விழுந்தால் அந்த வழியாக நீரும் உப்பும் இறங்கி, அடிப்பிடிமானத்தையே தளர்த்திவிடும். சின்னக் கீறல் சில மாதங்களில் உரியத் தொடங்குவது இதனால்தான்.

கடையில்

★ ‘கிரானைட்’, ‘மார்பிள்’, ‘ஸ்டோன்’ என்று எழுதியிருக்கும் பல பாத்திரங்கள் கல் பாத்திரங்களே அல்ல. அலுமினியத்தின் மேல் புள்ளி போட்ட நான்ஸ்டிக் பூச்சுதான். அட்டைப்பெட்டியில் பூச்சு எது என்று பாருங்கள்: பி.டி.எஃப்.இ.யா, செராமிக்கா?

★ செராமிக் பூச்சு மண்சட்டி வகையைச் சேர்ந்ததல்ல. மணலின் மூலப்பொருளான சிலிக்காவை அடிப்படையாகக் கொண்டு செய்த மெல்லிய பூச்சு. இதில் ஃப்ளூரின் இல்லை. சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால், ஒட்டாத தன்மை பி.டி.எஃப்.இ.யைவிடச் சீக்கிரம் போய்விடும். எது வேண்டும் என்பதை இந்த இரண்டையும் எடைபோட்டு முடிவு செய்யுங்கள்.

★ ஹார்டு அனோடைஸ்டு என்பது வேறு, நான்ஸ்டிக் என்பது வேறு. மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்துவது ஹார்டு அனோடைஸிங். அந்தக் கருஞ்சாம்பல் பரப்பில் உணவு ஒட்டும். ஒட்டாமல் இருக்க, உள்ளே தனியாகப் பூச்சு வேண்டும். “உள்பக்கம் பூச்சு இருக்கிறதா?” என்று கேட்டு வாங்குங்கள்.

★ மெல்லிய தகடு நடுவில் மட்டும் சூடேறும். அந்த இடத்தில்தான் பூச்சு முதலில் கருகும். அடிப்பாகம் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதே பெரும்பாலும் நீடிக்கும்.

★ இன்டக்‌ஷன் அடுப்பில் வைப்பதாக இருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அடியில் பச்சென்று ஒட்டினால் வேலை செய்யும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது; அதனால்தான் அடியில் ஸ்டீல் தகடு பதிக்கிறார்கள். அந்தத் தகடு அடிப்பாகம் முழுக்க இருக்கிறதா, நடுவில் சின்ன வட்டமாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

★ அலுமினியம், எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அலுமினியப் பாத்திரங்களுக்கான ஐ.எஸ். 1660 தரநிலையில் ஹார்டு அனோடைஸ்டு, பூச்சுப் பாத்திரங்களும் அடங்கும். முத்திரையைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

★ ஏழு உருப்படி, பத்து உருப்படி செட் நம் சமையலுக்குத் தேவையே இல்லை. தோசைக்கும் சப்பாத்திக்கும் தட்டைத் தவா ஒன்று, பொரியல் வறுவலுக்கு மூடியோடு ஆழமான கடாய் ஒன்று, முட்டைக்கும் மீனுக்கும் சின்ன ஃபிரை பான் ஒன்று: மூன்று போதும். சாம்பார், ரசம், பால், சாதம் ஆகியவற்றுக்கு எவர்சில்வரே சிறந்தது. மிச்சப்படும் பணத்தில் இந்த மூன்றையும் தரமானதாக வாங்கலாம்.

★ கைப்பிடியையும் ஆட்டிப் பாருங்கள். ஸ்குரூ போட்ட பிடி நாளடைவில் தளரும். அவ்வப்போது முடுக்கினால் போதும். ரிவெட் அடித்த பிடி உறுதியானது. ஆனால், உள்பக்க ரிவெட் தலையைச் சுற்றி அழுக்கு சேரும். அந்த இடத்தைக் கவனித்துக் கழுவ வேண்டும்.

அடுப்பில்

★ காயோ மாவோ இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு கட்டுக்குள் இருக்கும். உணவில் இருக்கும் நீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகி, சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். வெறும் பாத்திரத்துக்கு அந்தக் காவல் இல்லை. பெரிய தீயில் சில நிமிடங்களிலேயே அது 260 டிகிரியைத் தாண்டிவிடலாம். பி.டி.எஃப்.இ. மெல்லச் சிதையத் தொடங்கும் எல்லை அது. 327 டிகிரியில் உருகும். 350ஐத் தாண்டினால் வேகமாகச் சிதைந்து நச்சுப்புகை விடும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

★ சமையலறையில் தெர்மாமீட்டர் தேவையில்லை, எண்ணெயே காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் 260 டிகிரிக்குக் கீழேயே புகையத் தொடங்கிவிடும். ஆகவே வெறும் பாத்திரத்தைச் சூடாக்காமல், ஒரு சொட்டு எண்ணெய் விட்டே அடுப்பைப் பற்றவையுங்கள். புகை கிளம்பினால் தீயை உடனே குறையுங்கள்.

★ தோசை வார்க்கும்போது மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வருகிறதா? தவா அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது, அல்லது மாவுக்கு முன்னே எண்ணெய் தடவிவிட்டீர்கள். இரும்புக் கல்லில் எண்ணெய் தேய்த்த பிறகே மாவு ஊற்றுவோம். நான்ஸ்டிக்கில் அந்த எண்ணெயே மாவை வழுக்கவைக்கும். தவாவை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் ஆறவிடுங்கள். சிம்மில் வைத்து, முதலில் விட்ட எண்ணெய்ச் சொட்டைத் துடைத்துவிட்டு, உலர்ந்த பரப்பில் மாவை ஊற்றி, கரண்டியை அழுத்தாமல் உள்ளிருந்து வெளியே சுற்றுங்கள். பரப்பி முடித்ததும் தீயை மிதமாக்கி, ஓரத்தில் எண்ணெய் விடுங்கள். முறுகலும் வரும், பூச்சும் பிழைக்கும்.

★ சூடு பார்க்கத் தவாவில் பச்சைத் தண்ணீரைத் தெளிப்பது இரும்புக் கல்லோடு வந்த பழக்கம். கனமான இரும்பு அதைத் தாங்கும். பூச்சு போட்ட அலுமினியத்தில் தகடும் பூச்சும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பூச்சின் பிடி தளரும்.

★ தாளிப்பை நான்ஸ்டிக்கில் செய்யாதீர்கள். கொஞ்சம் எண்ணெய், பெரிய தீ, தண்ணீர்ச் சத்தே இல்லாத கடுகும் மிளகாயும்: பூச்சுக்கு ஆகாத மூன்றும் தாளிப்பில் ஒன்றாகச் சேர்கின்றன. பழைய இரும்புத் தாளிப்புக் கரண்டி அதற்கென்றே இருக்கிறது.

★ இன்டக்‌ஷன் அடுப்பு நொடிகளில் சூடேற்றும். முதலிலேயே உச்ச வாட்டில் வைத்தால் அடிப்பாகம் மேடு தட்டி வளைந்துவிடும். குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

★ மரக்கரண்டிக்கும் சிலிக்கான் கரண்டிக்கும் முன்பே நம் வீடுகளில் கொட்டாங்கச்சி அகப்பை இருந்தது. நான்ஸ்டிக்குக்கு அது அருமையான துணை. எவர்சில்வர் தோசைத் திருப்பி மட்டும் பக்கத்திலேயே வர வேண்டாம். ஆம்லெட்டை, ஊத்தப்பத்தைப் பாத்திரத்திலேயே கத்தியால் வெட்டுவதும் கூடாது. தட்டில் எடுத்து வெட்டுங்கள்.

தொட்டியில்

★ சூடான தவாவைக் குழாயடியில் நீட்டினால் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில்தான் தகடு வளைகிறது. ஒருமுறை வளைந்த தவாவில் எண்ணெய் ஒருபக்கமாக ஓடும், தோசை ஒருபக்கம் கருகும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே கழுவுங்கள்.

★ பூச்சு நன்றாகவே இருக்க, உணவு மட்டும் ஒட்டுகிறதா? காரணம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கலாம். சரியாகக் கழுவாத எண்ணெய் அடுத்தடுத்த சூட்டில் இறுகிப் பழுப்புப் படலமாகப் படியும். சமையல் சோடாவை வெந்நீரில் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் துடைத்தால் பல நேரம் தவா பழைய நிலைக்குத் திரும்பும். தூக்கிப்போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

★ பச்சை ஸ்கிரப்பரில் உலோகம் தெரியாது. ஆனால் அதன் இழைகளில் தேய்க்கும் துகள்கள் கலந்திருக்கின்றன. கம்பி நார், சாம்பல், பாத்திரம் தேய்க்கும் தூள் ஆகியவையும் பூச்சுக்குப் பகை. சோப்புத் திரவமும் ஸ்பாஞ்சின் மஞ்சள் பக்கமும் போதும். வீட்டு வேலைக்கு உதவ வருபவரிடமும் இதைச் சொல்லி, தனி ஸ்பாஞ்ச் கொடுத்துவிடுங்கள்.

★ புளிக்குழம்பையோ தக்காளித் தொக்கையோ இதில் செய்யலாம். ஆனால் ராத்திரி முழுக்க அதிலேயே வைக்கக் கூடாது. புளிப்பும் உப்பும் கீறல் வழியே இறங்கி அலுமினியத்தை அரிக்கும்.

★ அடுக்கும்போது ஒன்றின் அடி இன்னொன்றின் பூச்சை உரசும். இடையில் பழைய பருத்தித் துணி ஒன்றைப் போடுங்கள். செலவே இல்லாத பராமரிப்பு இதுதான்.

உடல்நலம்

★ உரிந்த துணுக்கு ஒன்று தோசையோடு வயிற்றுக்குள் போய்விட்டதா? பதற வேண்டாம். பி.டி.எஃப்.இ. உடலில் கரையாது, செரிமானமாகாமல் அப்படியே வெளியேறிவிடும். ஆனால், உரியத் தொடங்கிய பாத்திரத்தைத் தொடர்ந்து பயன்படுத்த அது காரணமாகாது.

★ கவலைப்பட வேண்டியது புகைக்குத்தான். அளவுக்கு மீறிச் சூடான பூச்சின் புகையைச் சுவாசித்தால் மனிதர்களுக்குச் சளிக்காய்ச்சல் போன்ற உபாதை வரலாம். கிளி, லவ் பேர்ட்ஸ் போன்ற பறவைகளின் மூச்சுமண்டலம் மிக நுட்பமானது. அதே புகை அவற்றைக் கொன்றுவிடும். பறவைக் கூண்டு சமையலறைக்கு அருகில் இருக்கவே கூடாது.

★ ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்று எழுதியிருந்தால் பி.டி.எஃப்.இ. இல்லை என்று அர்த்தமில்லை. பூச்சுப் பொருளைத் தயாரிக்கும் ஆலையில் துணைப்பொருளாகப் பயன்பட்டது பி.எஃப்.ஓ.ஏ. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பார்க்கர்ஸ்பர்க் ஆலையிலிருந்து அது குடிநீரில் கலந்தது. பாதிக்கப்பட்டவர்களின் சுமார் 3,550 வழக்குகள் 2017இல் ஏறத்தாழ 67 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தன. அந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிட்டன. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பி.எஃப்.ஓ.ஏ.வைச் சேர்த்தது. எனவே ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்ற வாசகம் இல்லாத மலிவுப் பாத்திரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

★ ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் நான்ஸ்டிக்குக்கும் இடம் உண்டு. வெறும் பாத்திரத்தைச் சூடாக்காதீர்கள், பூச்சு தேய்ந்தால் மாற்றிவிடுங்கள் என்கிறது அது.

வழியனுப்பும் நேரம்

★ பூச்சு உரிகிறது, உள்ளே வெள்ளியாகத் தகடு தெரிகிறது, கொப்புளம் எழுந்திருக்கிறது, அடி வளைந்து ஆடுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாத்திரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. “இன்னும் கொஞ்ச நாள்” என்று தள்ளிப்போடாதீர்கள். அலுமினியத்தை மறுசுழற்சி செய்யலாம். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்.

நான்ஸ்டிக் தலைமுறைக்கும் வரும் சொத்தல்ல, சில வருடத் துணை. குறைவாக வாங்குங்கள், தீயை மிதமாக வையுங்கள், மென்மையாகத் தேயுங்கள், காலம் முடிந்ததும் தயங்காமல் மாற்றுங்கள். இன்று இரவு தோசை வார்க்கும் முன், உங்கள் தவாவை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்!