எண்ணூறு குதிரைகளும் ஒரு கோவை இளைஞரும்

மும்பைவாழ் நம்மவர்க்கு மோட்டார் வண்டி புதியதன்று. குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி, கறுப்பு மஞ்சள் வாடகைக் காராக இந்நகரத் தெருக்களில் பல பத்தாண்டுகள் ஓடி, 2023 அக்டோபரில் விடைபெற்றது. மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் அதில் நெருக்கியடித்துத் தாதர் நிலையத்துக்குச் செல்லாத குடும்பம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அரிது. அவ்வண்டியின் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். அதைப்போல் இருபது மடங்கு ஆற்றலுடைய வண்டியொன்றில் முதன்முறையாக அமர்பவனுக்கு என்ன நேரும்?

2001ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் அந்த அனுபவத்தைப் பெற்றார் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஜாகுவார் அணியின் சோதனை ஓட்டம் அது. ஃபார்முலா ஒன் வண்டியை ஓட்டிய முதல் இந்தியர் அவரே. அன்று அவருக்கு வயது 24.

அக்காலத்து ஃபார்முலா ஒன் வண்டி, ஓட்டுபவரையும் சேர்த்து, 600 கிலோ எடையே இருக்கலாம். அதற்குள் பத்து சிலிண்டர் கொண்ட மூன்று லிட்டர் எஞ்சின். ஆற்றல் ஏறத்தாழ 800 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட மூன்று வினாடிகூட வேண்டா. ஆயினும் புதியவனைத் திகைக்க வைப்பது இந்தப் பாய்ச்சல் அன்று, பிரேக்கே. மணிக்கு 300 கிலோமீட்டரில் வரும் வண்டி நூற்றைம்பது மீட்டருக்குள் நகரத்துத் தெருவின் வேகத்துக்கு இறங்கிவிடும். அப்பொழுது உடலின் ஒவ்வோர் உறுப்பும் தன் எடையைப்போல் நான்கைந்து மடங்கு விசையுடன் முன்னே இழுக்கப்படும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால், முப்பது கிலோ மூட்டையொன்றைக் கழுத்து தாங்கவேண்டும். அதுவும் ஒரு முறையன்று. ஒவ்வொரு சுற்றிலும் பல முறை.

இன்னொரு விந்தையும் உண்டு. கார்பனால் ஆன அந்த பிரேக் தகடுகள் சில நூறு பாகை வெப்பம் ஏறினாலன்றிச் சரியாகப் பிடிக்கமாட்டா. டயர்களும் அவ்வாறே, குளிர்ந்திருந்தால் வழுக்கும். வண்டியின் முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள் காற்றின் துணையால் அதனைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் இரு மடங்கானால் அவ்வழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே அச்சத்தால் மெல்லச் செல்பவனுக்கே அவ்வண்டி பிடி கொடாமல் நழுவும்! மெல்லப் போனால் நலம் என்று பாட்டி சொல்லிக் கொடுத்ததெல்லாம் அங்கே செல்லுபடியாகாது. துணிந்து வேகமெடுத்தவனுக்கே வளைவில் பிடிப்புக் கிடைக்கும்.

இத்துணிவு ஒரு நாளில் வந்ததன்று. நரேனின் தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். மகன் பதினைந்து வயதிலேயே, 1992இல், பிரான்சு நாட்டு வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்றார். பிறகு, கோவையின் கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு வடிவமைத்த சிறு பந்தய வண்டிகளில் ஓட்டினார். அதன்பின் ஃபார்முலா ஆசியா, பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ, ஜப்பானியப் பந்தயம் என ஒன்பது ஆண்டுகள். படிப்படியாக ஆற்றல் ஏறிய வண்டிகளில் பழகிய பின்னரே அந்த எண்ணூறு குதிரைகள் அவர் காலடிக்கு வந்தன. 2005இல் ஜோர்டன் அணிக்காக மெல்போர்னில் தம் முதல் பந்தயத்தை ஓட்டிப் பதினைந்தாவதாக வந்தார். மும்பையின் டாட்டா குழுமமும், செம்பூரை அடுத்த மாஹுலில் சுத்திகரிப்பாலை நடத்தும் பாரத் பெட்ரோலியமும் அவருக்குத் துணை நின்றன. அவ்வாண்டே அமெரிக்காவில் நான்காம் இடம் பெற்றார். அன்று டயர்க் கோளாற்றால் பலர் விலக, ஆறு வண்டிகளே ஓடின என்பதையும் சொல்லிவிடுவதே முறை.

இதையெல்லாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. விற்பனைக் கூடத்தில் உரிமத்தைக் காட்டினால், நானூறு ஐந்நூறு குதிரைத்திறன் உள்ள வண்டியைச் சோதித்துப் பார்க்க இன்று நம் வீட்டு இளைஞனுக்கும் வாய்ப்புக் கிட்டுகிறது. அவனுக்கு முன்னால் ஒன்பது ஆண்டுப் பயிற்சி இல்லை. இருப்பது பத்து நிமிடம். பத்மினி எண்பதைத் தொட்டாலே கதவு முதல் கண்ணாடி வரை நடுங்கி நம்மை எச்சரிக்கும். இன்றைய வண்டியோ நூற்றிருபதிலும் பூசையறைபோல் அமைதியாக இருக்கும். மின்சார வண்டியானால் எஞ்சின் ஒலிகூட இல்லை. ஆனால் கணக்கு மாறுவதில்லை. அறுபதில் செல்பவன் ஆபத்தைக் கண்டு காலை பிரேக்கில் வைக்க ஒரு வினாடி எடுத்தால் பதினேழு மீட்டர் கடந்திருப்பான். நூற்றிருபதில் முப்பத்துமூன்று மீட்டர். அதன்பின் வண்டி நிற்கத் தேவைப்படும் தொலைவோ நான்கு மடங்கு.

2024இல் திறக்கப்பட்ட கடற்கரைச் சாலையைக் கண்டதும் இளைஞர்க்குக் கால் துறுதுறுக்கிறது. அங்கே நேர்ச்சாலையில் 80, சுரங்கத்தில் 60 என்பதே எல்லை. முதலாளிகளின் வண்டிகளை ஓட்டும் தாராவி நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். புது வண்டி கையில் வந்ததும் அவர்கள் முதலில் பழகுவது பிரேக்கைத்தான். ஆளில்லாத இடத்தில் முப்பதில் ஒருமுறை, ஐம்பதில் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள். அடுத்து, தாழ்ந்த அடிப்பாகம் நம் வேகத்தடைகளில் உரசுமா என்று பார்ப்பார்கள். வேகம் அவர்கள் கணக்கில் கடைசி.

வேகத்தின் சுவையைப் பிள்ளை அறியத்தான் வேண்டும் என்றால் அதற்கும் இடம் உண்டு. கரிவரதன் பெயரால் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பந்தயத் தடமொன்று இருக்கிறது. குர்லா முனையத்திலிருந்து கோவைக்கு நேரே ரயிலும் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள், பந்தயம் நடக்கும் நாளை முன்னரே விசாரித்துக்கொண்டு, பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லலாம்.